சுமையிலிருந்து தொடங்கும் சைக்கிள்: ஈப்போவின் இளம் கலைஞருக்குக் கடிதம்



ஈப்போவில் நாள்தோறும் வேலைக்குச் சைக்கிளில் சென்றுவரவும், அந்தச் சைக்கிளைத் தம் கையாலேயே தமக்கேற்ப அமைத்துக்கொள்ளவும் முற்படும் இளைஞர் முதலில் வண்ணத்தையும் கைப்பிடியின் வளைவையும் பற்றிச் சிந்திப்பது இயல்பே எனினும், அந்நகரம் அமைந்த பேராக் மாநிலத்தில் இக்கலையைப் பயில்வோர் டயரிலிருந்து தொடங்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. 1888ஆம் ஆண்டு ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்ட் நகரில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதையடுத்து மேலைநாடுகளில் பரவிய சைக்கிள் மோகமும், பின்னர் பெருகிய மோட்டார் வண்டிகளும் எழுப்பிய ரப்பர்த் தேவையே, 1877இல் பேராக்கின் கோலகங்சாரில் சோதனைக்காக நடப்பட்டிருந்த மரத்தைப் பெருந்தோட்டப் பயிராக்கி, தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் வழியே ஆள்களைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆகவே ஈப்போத் தமிழர் ஒருவர் பழைய சைக்கிளின் டயரைக் கழற்றும்போது, தம் முன்னோர் கப்பலேறிய காரணங்களுள் ஒன்றையே கையில் எடுக்கிறார்.

அத்தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள் ஓட்டிய சைக்கிளே இக்கலையின் முதல் பாடநூல். நிமிர்ந்து உட்காரும் இருக்கை, கனத்த எஃகுச் சட்டம், 28 அங்குலச் சக்கரம் ஆகியவற்றோடு, பின்கேரியரின் இருபுறமும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, சுமை ஒருபக்கம் சாயாமலும் கூடியவரை தாழ்வாகவும் நிற்கும்படி கட்டிய அந்தச் சைக்கிளில் ஒவ்வொரு மாற்றமும் சுமையையும் செம்மண் பாதையையும் முன்னிட்டே செய்யப்பட்டது. அழகு தானாக வந்து சேர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கித்தா (ரப்பர்) மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்து, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறியபோது அச்சைக்கிள்கள் பழைய இரும்புக் கடைகளைச் சேர்ந்தன என்பது வருந்தத்தக்கதே.

அண்மைக் காலத்தில் மலேசியச் சிறுவரிடையே பரவிய ‘பாசிக்கால் லாஜாக்’, அதாவது பிரேக்கைக் கழற்றிக் கைப்பிடியைத் தாழ்த்தி, குப்புறப் படுத்து விரைவதற்காக மாற்றப்பட்ட சிறு சைக்கிள், அந்தத் தோட்டத்துச் சைக்கிளுக்கு நேர்மாறானது. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜோகூர் பாருவில் அத்தகைய சைக்கிள்களில் சென்ற பதின்ம வயதினர் எண்மர் கார் மோதி மாண்டனர். அச்சிறுவர்களின் கைத்திறன் குறைவானதன்று. ஆனால் நிறுத்த இயலாத சைக்கிளை எவ்வளவு திறமையாகச் செய்தாலும் அது முடிவு பெறாத வேலையே.

நிறுத்துதல் ஈப்போவின் மழையில் எளிதன்று. பழைய சைக்கிள்களில் உள்ள கம்பிப் பிரேக், கையின் விசையை இரும்புக் கம்பிகள் வழியே கடத்தி ரப்பர்க் கட்டைகளை ரிம்மின் உட்பரப்பில் அழுத்துவதாகும். குரோமியம் பூசிய எஃகு ரிம் நனைந்தவுடன் அதன் பிடி பெரிதும் தளர்ந்துவிடுகிறது. அதனால் அலுமினிய ரிம்முக்கு மாற நினைப்பவர் கடைக்குப் போகுமுன் அளவை அறிந்திருக்க வேண்டும்: பழைய 28 அங்குல ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர், இன்று பரவலாக விற்கும் 700சி ரிம்மில் அது 622. ஒன்றின் டயர் மற்றதில் சேராது என்பதோடு, பிரேக்குக் கட்டையும் ஆறரை மில்லிமீட்டர் தள்ளி எட்ட வேண்டியிருக்கும். பழைய ரிம்மை விட மனமில்லாதவர், மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் சக்கரக் குடத்துக்குள்ளேயே பிடிக்கும் கால் பிரேக்கைப் பின்சக்கரத்தில் பொருத்தலாம். மழை அதைத் தீண்டுவதில்லை.

கியரிலும் இதே நிதானம் வேண்டும். முன்பல்சக்கரத்தில் 44 பல்லும் பின்பல்சக்கரத்தில் 18 பல்லும் இருந்தால், பழைய 28 அங்குலச் சக்கரம் மிதியின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. பின்னால் 22 பல் வைத்தால் அது நாலரை மீட்டராகக் குறைந்து, மேடும் பள்ளமுமான தோட்டச் சாலையில் முழங்கால் பிழைக்கிறது. இரண்டும் வேண்டுவோருக்கு, 1903 முதல் விற்பனைக்கு வந்த ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர்க் குடம் பலகியர் அடுக்கைவிட மேலானது என்று துணிந்து கூறலாம். அதன் பற்கள் குடத்துக்குள் மூடப்பட்டிருப்பதால் சேறு அண்டாது, நின்ற நிலையிலும் கியர் மாற்றலாம்.

இப்படி அமைத்த சைக்கிளில் ஈப்போவின் புந்தோங்கிலிருந்து ரயில் பாதையைக் கடந்து, பழைய பட்டணத்துக் காப்பிக் கடைகளின் வறுவல் மணத்தினூடே கிந்தா ஆற்றுப் பாலமேறிப் புதிய பட்டணத்துக்குச் செல்பவர், காலையில் சுண்ணாம்புக் குன்றுகள் பனியிலிருந்து ஒவ்வொன்றாக வெளிப்படுவதைக் காண்கிறார். தாம் கோத்த ஸ்போக்கு ஒன்று தளர்ந்திருந்தால் அதன் ஓசையையும் சைக்கிளின் வேகத்தில்தான் கேட்கிறார். திரும்பும் வேளையில் இடிமழை பிடித்துக்கொண்டால் கடைவீதியின் ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி நிற்பதே தக்கது. நனைந்த செயினைத் துடைத்து எண்ணெய் இடுவதை மட்டும் மறுநாளைக்குத் தள்ளலாகாது.