ஒளிநாடாவிலிருந்து கணிப்பொறிக்கு

எங்கள் பள்ளி அலுவலகத்தின் இரும்பு பீரோவில், பழைய வருகைப் பதிவேடுகளுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டின் நெடுநாளாக இருந்து வந்தது. சென்ற ஆண்டு அதைத் திறந்தபோது ஐந்து வீடியோ கேசட்டுகள் கிடைத்தன. நான்கு, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மினி டி.வி. கேசட்டுகள். (இங்கே டி.வி. என்பது தொலைக்காட்சி அன்று, டிஜிட்டல் வீடியோ.) அவற்றில் 2003ஆம் ஆண்டு விழா என்று எழுதியிருந்தது. ஐந்தாவது, 8 மி.மீ. அகல நாடா கொண்ட வீடியோ 8 கேசட். அதன் மேல் 1994 என்று மட்டும் இருந்தது. அக்காலத்தில் இங்கு மாணவியாயிருந்த எங்கள் தமிழாசிரியை, பாட்டுக் கற்பித்து மறைந்த ஒரு சகோதரியின் குரல் அதில் இருக்கக்கூடும் என்றார். அவருடைய புகைப்படங்கள் பள்ளியில் உண்டு. குரல் வேறெங்கும் இல்லை. கணிப்பொறி மன்றத்து மாணவியராகிய நாங்கள் அப்பணியை ஏற்றோம்.

பென் டிரைவிலிருந்து படியெடுப்பது போல் இதுவும் எளிது என்று எண்ணியிருந்தோம். அவ்வாறில்லை. நாடா என்பது காந்தப் பொருள் பூசிய நீண்ட பிளாஸ்டிக் பட்டை. மினி டி.வி. கேமராவினுள் ஒரு சிறு உருளை நிமிடத்திற்கு 9,000 முறை சுழன்று, நாடாவின் மேல் சாய்வாக எழுதப்பட்ட கோடுகளைப் படிக்கிறது. ஒரு மணி நேர நாடாவை ஒரு மணி நேரம் ஓட்டித்தான் ஆக வேண்டும். அவசரக்காரர்களுக்கு இதில் இடமில்லை.

ஓட்டுவதற்கு முன் ஒன்று செய்தோம். கேசட்டின் விளிம்பிலுள்ள சிறு தாழைப் பாதுகாப்புப் பக்கம் தள்ளிவிட்டோம். இதை மறந்து, கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினால், பழைய காட்சியின் மேலேயே புதியது பதிந்துவிடும். அழிந்தது மீளாது. பிறகு நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னோட்டி, பின்னோட்டினோம்; பல்லாண்டு அசையாமல் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

கேமராவுக்கு எங்கே போவது? எங்களில் ஒருத்தியின் தந்தை திருமண வீடியோ எடுப்பவர். தம்மிடமிருந்த பழைய கேமராவையும், ஃபயர்வயர் இணைப்புள்ள பழைய கணிப்பொறியையும் அன்புடன் தந்தார். பள்ளிக் கணிப்பொறிகளில் அவ்விணைப்பு இல்லை. அந்தக் கேமராவில் யு.எஸ்.பி. துளையும் இருந்தது, அது நிழற்படங்களை மாற்றுவதற்கு மட்டுமே. நாடாவில் உள்ளது உள்ளபடி வர ஃபயர்வயரே வேண்டும். சோனி நிறுவனம் இதனையே ஐ.லிங்க் என்று அழைத்தது.

முதல் கேசட் இருபதாம் நிமிடத்தில் நின்றுவிட்டது. மீண்டும் ஓட்டினோம், மீண்டும் இருபதாம் நிமிடம்! நாடாவைத்தான் சந்தேகித்தோம். தவறோ எங்களுடையது. டி.வி. பதிவு நொடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட் இடம் பிடிக்கும். ஒரு மணிக்கு 13 ஜிகாபைட். நாங்கள் இணைத்த வன்தட்டு ஃபேட் 32 முறையில் அமைந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் வளராது. கணக்கிட்டுப் பாருங்கள், இருபது நிமிடமே வரும். வன்தட்டை என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றியபின் நான்கு கேசட்டுகளும் முழுமையாக வந்தன.

1994ஆம் ஆண்டுக் கேசட் வேறு வகை. அதிலிருப்பது எண்களல்ல, தொடர் அலைகள். டிஜிட்டல் 8 என்னும் கேமராக்களில் சில, இப்பழைய நாடாவையும் ஓட்டி, அலைகளை எண்களாக்கி ஃபயர்வயர் வழியே அனுப்பும். அப்படி ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மாதமாயிற்று. இவ்வகைக் கேமராக்களை இன்று யாரும் தயாரிப்பதில்லை. உள்ளவையும் பழுதாகி வருகின்றன. வீட்டில் இத்தகைய கேசட் வைத்திருக்கும் பெற்றோர்கள் இதைக் கருத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

கணிப்பொறியில் பார்த்தபோது, ஆடும் பிள்ளைகளின் கைகளில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தோன்றின. நாடா கெடவில்லை. அக்காலத் தொலைக்காட்சி முறையில் ஒரு படத்தின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் தனித்தனியே எடுக்கப்பட்டன. இடையில் கை நகர்ந்துவிடுகிறது. இவ்வரிகளை இணைத்துச் சீராக்கும் வசதி தொகுப்பு மென்பொருளில் உண்டு. அதைப் படிக்கு மட்டும் செய்தோம். மூலக் கோப்பைத் தொடாமல் இரண்டு வன்தட்டுகளில் வைத்திருக்கிறோம். கேசட்டுகளும் பீரோவுக்கே திரும்பின.

தொகுக்கும்போது எங்களுக்குள் வழக்கு எழுந்தது. 1994ஆம் ஆண்டு நாடாவின் பெரும்பகுதி ஒத்திகை. நாற்பத்தோராம் நிமிடத்தில் பாட்டுத் தடுமாறுகிறது, திரையில் தெரியாத ஒரு குரல், "நிறுத்துங்க. திரும்ப முதலிலிருந்து," என்கிறது. விழாவில் காட்டும் பன்னிரண்டு நிமிடப் படத்தில் பிழையை வெட்டிவிடலாம் என்றனர் சிலர். தமிழாசிரியையை அழைத்துக் காட்டினோம். அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"அவங்கதான். இன்னொரு தடவை போடுங்கம்மா," என்றார்.