பத்து வரி நிரலில் ஒளிந்திருக்கும் பிழை

மாணவர்களே, சென்ற மாதம் என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கணினி அறிவியலில் பட்டம் பெற்றவர். மென்பொருள் பொறியாளர் வேலைக்கான முதல் நேர்காணலில் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. "தெரிந்த கேள்விதான் டீச்சர், அதிலேயே விழுந்துட்டேன்" என்றார். வெண்பலகையில் 'இருமத் தேடல்' நிரலை எழுதச் சொன்னார்களாம்.

அகராதியில் ஒரு சொல்லைத் தேட முதல் பக்கத்திலிருந்து யாரும் புரட்டுவதில்லை. நடுவில் திறக்கிறோம், நாம் தேடும் சொல் முன்னால் இருக்குமா, பின்னால் இருக்குமா என்று பார்த்து, ஒரு பாதியை ஒதுக்கிவிடுகிறோம். இருமத் தேடலும் அப்படித்தான். வரிசைப்படுத்திய 1,000 எண்களில் ஒன்றைத் தேட அதிகபட்சம் 10 முறை பார்த்தால் போதும். பத்து லட்சம் எண்கள் என்றாலும் 20 முறைதான்.

இப்போது தாளையும் பென்சிலையும் எடுங்கள். 4, 9, 15, 23, 31, 42, 58 என்று ஏழு எண்களை எழுதி, அவற்றின் கீழே 0 முதல் 6 வரை இட எண்களைப் போடுங்கள். இதில் 40 இருக்கிறதா என்று தேடுவோம். இடது எல்லை 0, வலது எல்லை 6. நடு இடம் 3; அங்கே இருப்பது 23. அது 40-ஐவிடச் சிறியது. ஆகவே இடது எல்லையை 4-க்கு நகர்த்துகிறோம். புதிய நடு 5. அங்கே 42, பெரியது. வலது எல்லை 4 ஆகிறது. இப்போது இரண்டு எல்லைகளும் 4-இல் நிற்கின்றன. அங்கே 31, சிறியது. இடது எல்லை 5-க்குப் போகிறது. இடது வலதைத் தாண்டிவிட்டதால் 40 இல்லை என்று நிறுத்தலாம்.

என் மாணவர் எங்கே தவறினார்? இடது எல்லையை 'நடு + 1'க்கு நகர்த்தாமல், 'நடு'விலேயே வைத்துவிட்டார். மேலே உள்ள கடைசிப் படியை அவர் வழியில் செய்து பாருங்கள். இடது 4, வலது 4, நடு 4. மறுபடியும் இடது 4. நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. பட்டியலில் உள்ள 42-ஐத் தேடினால் இந்தப் பிழை வெளியே தெரியாது. அவர் அந்த மாதிரி எண்ணை வைத்துத்தான் சோதித்திருந்தார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. பெல் ஆய்வகத்திலும் ஐபிஎம்மிலும் பாடம் நடத்திய ஜான் பென்ட்லி, அனுபவமுள்ள நிரலாளர்களிடம் இதே நிரலைக் கொடுத்து, எழுதச் சில மணி நேரமும் கொடுத்தார். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் எழுதியதில் பிழை இருந்தது. ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த நிரலிலும் ஒரு பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் கிடந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். நடுவைக் காண இடதையும் வலதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம், அல்லவா? 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. பட்டியல் மிக நீளமாக இருந்தால் கூட்டுத்தொகை இதைத் தாண்டி எதிர்ம எண்ணாக மாறிவிடும். இடது + (வலது − இடது) / 2 என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது.

அடுத்த நேர்காணலுக்கு அவரை நான் தயார்செய்த விதம் இதுதான். கேள்வியைக் கேட்டதும் எழுதாதே. முதலில் நீ கேள்வி கேள். பட்டியல் வரிசையில் இருக்கிறதா? காலியாக இருக்கலாமா? ஒரே எண் இரண்டு முறை வருமா? பிறகு, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுது. கணக்கில் வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு என்று வகுப்பில் தொண்டை கட்டும்வரை சொல்கிறேனே, அதேதான். உன் சிந்தனை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால்தான் எதிரில் இருப்பவரால் ஒரு குறிப்பாவது கொடுக்க முடியும். எழுதி முடித்ததும் காலிப் பட்டியல், ஒரே எண் உள்ள பட்டியல், பட்டியலில் இல்லாத எண் ஆகிய மூன்றையும் கையால் ஓட்டிப் பார்.

மூன்று வாரம் ஞாயிறுதோறும் வந்தார். சமையலறைச் சுவரில் மாட்டிய பழைய நாள்காட்டியின் பின்பக்கம்தான் எங்கள் வெண்பலகை. அடுத்த நேர்காணல் வரும் புதன்கிழமை.

உங்களுக்கு ஒரு பயிற்சி: 4, 9, 9, 9, 15 என்ற பட்டியலில் முதல் 9 எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும்படி நிரலை மாற்றுங்கள். நடுவில் 9-ஐக் கண்டதும் நிறுத்தினால் விடை 2 என்று வரும். சரியான விடை 1. எந்த எல்லையை, எங்கே நகர்த்துவீர்கள்?