மறையும் ஐங்கோடுகள்

மேனாட்டு இசையில் சுரங்களை எழுதுதற்குரிய ஐந்து கோடுகளின் தொகுதியை ஸ்டாஃப் என்பர்; இங்கு ஐங்கோடு என்றே குறிப்பிடுகிறேன். இதைக் கையால் வரையாமல், சுரங்களை எழுத்துகளாகத் தட்டச்சு செய்து கணினியைக் கொண்டே வரைவிக்கும் மென்பொருள் லிலிபாண்ட். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நின்ஹாய்ஸ், யான் நியூவன்ஹாய்சன் ஆகிய இருவரும் 1996இல் இதனைத் தொடங்கினர். இலவசமாகவே கிடைக்கிறது. எங்கள் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவுக்கு இதில்தான் நான் இசைத்தாள் அச்சிடுகிறேன்.

நான்கு குரலும் ஒரு பியானோவும் என்றால், ஒவ்வொரு வரிக்கும் ஆறு ஐங்கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். ஒரு குரல் ஓய்ந்திருக்கும் வரியில் அதன் ஐங்கோட்டை நீக்கினால் தாள் மிச்சமாகும். பாதிப் பாட்டில் பக்கம் புரட்டும் தொல்லையும் குறையும். அதற்குரிய கட்டளை 'ரிமூவ் எம்ப்டி ஸ்டேவ்ஸ்'. லேஅவுட் பகுதியில், ஸ்டாஃப் என்னும் சூழலுக்குள் அதை எழுத வேண்டும்.

எழுதியும் வெற்று ஐங்கோடு போக மறுக்கிறதே என்பார் பலர். அது எந்த வரியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். முதல் வரியாயின் குறையேதுமில்லை. யார் யார் பாடுகின்றனர் என்று காட்டுவதற்காக முதல் வரி விட்டுவைக்கப்படுகிறது. அதுவும் வேண்டாமெனில் 'ரிமூவ் ஆல் எம்ப்டி ஸ்டேவ்ஸ்' என எழுதலாம். பிற வரியாயின் அவ்வரி முழுவதையும் நோக்க வேண்டும். நீக்கம் வரிக்கணக்கில் நடப்பது. கடைசியில் ஒரே ஒரு சுரம் இருந்தாலும் ஐங்கோடு முழுவதும் நிற்கும். ஓய்வுக்குறிகள் வெறுமை என்றே கொள்ளப்படும். ஆனால் மென்மையாகப் பாடுக என்னும் குறி ஒன்று எங்கேனும் தங்கியிருந்தால் போதும், ஐங்கோடு உயிரோடிருக்கும். (மென்பொருளின் உள்நிரலில் இந்த நீக்கத்துக்கு ஹராகிரி என்றே பெயரிட்டிருக்கிறார்கள்!) பியானோவின் இரு ஐங்கோடுகளோ இணைபிரியாதவை. வலக்கை வாசித்தால் இடக்கைக்குரியதும் நிற்கும்.

'ஸ்டாப் ஸ்டாஃப்' என்பதைக் கொண்டு மறைக்க முயல்வோரும் உண்டு. அது கோடுகளை மட்டுமே நிறுத்தும். சுரங்கள் அந்தரத்தில் தொங்கும், இடமும் மிச்சமாகாது.

இவற்றினும் பெரிய இடர், நீக்கம் சரியாக நடந்த பின்னரே வருகிறது. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர் மூன்றுக்கும் பெரும்பாலும் ட்ரெபிள் கிளெஃப்பே இடுவர். டெனருக்கு அதன் அடியில் சிறிய எட்டு ஒன்று இருக்கும், அவ்வளவே. ஆல்ட்டோ மறைந்த வரியில் இரண்டாவதாக நிற்பது டெனர். மேலிருந்து எண்ணிப் பழகிய ஆல்ட்டோ பாடகி, தாம் மௌனமாயிருக்க வேண்டிய இடத்தில் டெனரைப் பாடிவிடுவார். 'இன்ஸ்ட்ருமென்ட் நேம்' என்று நாம் கொடுக்கும் பெயர் முதல் வரியில் மட்டுமே அச்சாகும். 'ஷார்ட் இன்ஸ்ட்ருமென்ட் நேம்' என்பதற்கு எஸ், ஏ, டி, பி என ஓரெழுத்துக் கொடுத்துவிட்டால், அடுத்த ஒவ்வொரு வரியின் இடப்புறத்திலும் குரலின் பெயர் நிற்கும். நீக்கக் கட்டளையை எழுதுமுன் இதை எழுதிவிடுவது என் வழக்கம்.