காவல் நின்ற வீரர்

சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் தெளிக்கப்பெறாத வயல் ஒன்று கிடைக்குமாயின், கூத்தாநல்லூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மாலைப்பொழுதில் அது கால்பந்துக் களமாகிவிடும். பந்தைக் கொண்டோடிக் கோல் போட விரும்பாத சிறுவன் அங்கு இல்லை. பின்னே நின்று காக்கும் இடத்திற்கு, 'பேக்' என்று அவர்கள் வழங்கும் இடத்திற்குத்தான், ஆள் தேடவேண்டும்.

பழந்தமிழ்ச் சான்றோர் காவலை அவ்வாறு தாழ்த்தவில்லை. மதிலை வளைத்துத் தாக்குதலை உழிஞை என்றும், உள்நின்று காத்தலை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்து, இருசாரார்க்கும் தனித்தனிப் பூவைச் சூட்டியது. ஒரே போட்டியில் நொச்சியாராகப் புகுந்து உழிஞையாராகவும் விளங்கிய ஒருவரை ஈண்டுக் காண்போம். அவர் ஜர்னைல் சிங்.

அவர் 1936ஆம் ஆண்டில் லயால்பூர்ப் பகுதியில் பிறந்தவர். 1947இல் நாடு பிரிவுற்றபோது அவ்வூர் பாகிஸ்தானத்தில் அமைந்தது. பதினோரு வயதுச் சிறுவர் பிறந்த மண்ணை விட்டுக் கிழக்குப் பஞ்சாபிற்கு வந்தார். மாகில்பூர்க் கல்லூரியில் பயின்றபோது பந்தாட்டத்தில் தேர்ந்தார். பின்னர்க் கல்கத்தா சென்று, 1959இல் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் பந்தாட்டம் ஒன்றையே நம்பி வாழ்தல் அரிது. பி. கே. பானர்ஜி போன்ற பெருவீரரும் இரயில்வே வேலையில் இருந்துகொண்டே ஆடினர்.

எதிரியின் காலிலுள்ள பந்தைப் பறித்தல் ஜர்னைல் சிங்கின் தனித்திறம். அது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஒரு நொடி முந்தினால் எதிரி பந்தைத் தோழனிடம் தள்ளிவிடுவான். ஒரு நொடி பிந்தினால் பந்துக்கு மாறாக அவன் கால் அகப்படும். கோல் எல்லைக்குள் அது நேர்ந்தால் தண்டம் பெனால்டி. ஆகவே காவலன் பார்க்கவேண்டுவது எதிரியின் முகத்தையன்று, பந்தையே.

1962இல் ஜகார்த்தாவில் நான்காம் ஆசிய விளையாட்டு நடைபெற்றது. முதல் ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. தாய்லாந்துடன் ஆடுகையில் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையலிட நேர்ந்தது. பின்களத்தில் நிற்பவன் உயர்ந்துவரும் பந்தை ஓயாது தலையால் முட்டவேண்டும். புண்பட்ட தலையோடு அது இயலுமா? பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம், முன்பு பள்ளியாசிரியராக இருந்தவர், வேறொரு வழி கண்டார். அவரை நடுமுன்களத்தில் நிறுத்தினார்! துணிவான முடிவுதான்; தவறியிருந்தால் ஊர் நகைத்திருக்கும். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்றபோது அவற்றுள் ஒரு கோல் ஜர்னைல் சிங் அடித்தது.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரி மீண்டும் தென்கொரியா. இஸ்ரேலும் தைவானும் அழைக்கப்பெறாமையை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், காண வந்த பெருங்கூட்டம் இந்தியர்மீது சினம் கொண்டிருந்தது. அவ்விரைச்சலிடையே நம்மவரை வாழ்த்தியோர் பாகிஸ்தானத்து ஹாக்கி வீரர் என்று ஆடியோரே பிற்காலத்தில் கூறினர். லயால்பூரில் பிறந்தவர்க்கு அக்குரல் எவ்வாறு ஒலித்திருக்கும்! பதினேழாம் நிமிடத்தில் பானர்ஜி ஒரு கோல் போட்டார். மூன்று நிமிடத்திற்குள் ஜர்னைல் சிங் மற்றொன்று போட்டார். கொரியர் இறுதியில் ஒன்று திருப்பினர். இந்தியா 2-1 என வென்று தங்கம் பெற்றது.

அவ்வணியில் பீட்டர் தங்கராஜ் என்னும் தமிழரும் இருந்தார். முன்களத்தில் ஆடத் தொடங்கிக் கோல் காவலராக மாறியவர் அவர். ரகீம் புற்றுநோயுடன் ஜகார்த்தா சென்றிருந்தார். 1963 ஜூனில் மறைந்தார். ஜர்னைல் சிங் தம் பழைய காவலிடத்திற்கே திரும்பினார். 1964இல் அர்ஜுனா விருது பெற்று, பின் இந்திய அணித் தலைவராகி, 2000ஆம் ஆண்டில் கனடாவில் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை.