உலமாக்கள் என்பது பிழையா?

எங்கள் தமிழுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் திருத்தம் வருகிறது. கட்டுரையில் 'மவுத்து', 'துஆ' என்று எழுதினால் அது தமிழே அல்ல என்பார் சிலர். 'உலமாக்கள்' என்று எழுதினால், ஆலிம் என்பது ஒருமை, உலமா என்பது பன்மை, பன்மைக்கு மேல் 'கள்' எதற்கு என்று அறபு படித்தவர்கள் கேட்பார்கள். போட்டியொன்றில் இந்த ஒரு சொல்லுக்காகப் புள்ளி இழந்த மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும். கடைத்தெருவில் சிங்களம், வீட்டில் தமிழ், மத்ரஸாவில் அறபு என்று லக்கலப் பக்கத்தில் வளர்கிற எங்களுக்கு இக்கேள்வி நாள்தோறும் எழுவது. வேற்றுமொழிச் சொல்லொன்று நம்மிடம் வந்தபின் யாருடைய இலக்கணத்துக்கு அடங்கி நடக்கவேண்டும்?

இதற்கு விடை தேட, உலகெங்கும் சொற்களை அனுப்பிவைத்த லத்தீன் மொழியை முதலில் பார்ப்போம். தூரம் போகத் தேவையில்லை. நாம் ஏறுகிற பஸ்ஸே போதும்.

லத்தீனில் 'ஒம்னிபுஸ்' என்றால் 'எல்லோருக்கும்' என்று பொருள். 'எல்லாம்' என்ற பொருள் முன்பாதியில் இருக்கிறது. வாலில் உள்ள 'புஸ்' நம்முடைய 'கு' போன்ற நான்காம் வேற்றுமை உருபு, பன்மையில் வருவது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் எல்லோரும் காசு கொடுத்து ஏறக்கூடிய குதிரை வண்டிக்கு இப்பெயரை வைத்தார்கள். ஆங்கிலேயர் தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதாவது 'பஸ்' என்பது சொல்லே அல்ல, வெறும் உருபு! அதை நாம் வாங்கி, கல் 'கல்லுக்கு' ஆவதுபோல ஒற்றை இரட்டித்துப் 'பஸ்ஸுக்கு' என்கிறோம். நான்காம் வேற்றுமை உருபின் மேல் இன்னொரு நான்காம் வேற்றுமை உருபு. இதைப் பிழை என்று இதுவரை ஒருவரும் சிவப்பு மையால் சுழித்ததில்லை. பக்கத்தில் நிற்கும் சிங்களத் தோழியோ 'எக்க' என்ற சொல்லைத் துணைக்குச் சேர்த்து, உருபை அதன்மேல் ஏற்றிப் 'பஸ் எக்கட்ட' என்பாள். சொல் ஒன்றுதான். ஏறும் வழிதான் வேறு.

மேசையின் கதை இன்னும் நீளம். லத்தீனில் அது 'மென்ஸா'. 'மேசையை' என்பதற்கு 'மென்ஸம்' என்று, வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறும். போர்த்துக்கேய மொழியில் 'மேஸா' ஆனபோது அந்த வேற்றுமை ஈறுகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் வழியாக அச்சொல் நம்மை அடைந்தது. நாம் அதற்குக் கூடை, பானைபோல ஐகார ஈறு கொடுத்து மேசையை, மேசைக்கு, மேசையின் என்று வேற்றுமைகளையும் கொடுத்தோம். வழியில் இழந்ததை இங்கே பெற்றது, ஆனால் பழைய உருபுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. சிங்களத்தில் அது 'மேசய'. அங்கே பன்மை சொல்ல எதையும் சேர்ப்பதில்லை, கடைசி 'ய'வைக் கழற்றி 'மேச' என்கிறார்கள். நாம் 'மேசைகள்' என்று கூட்டுகிறோம். ஜன்னலும் அலுமாரியும் இப்படி வந்தவைதாம்.

எல்லா மொழியும் இப்படித் தாராளமாக நடப்பதில்லை. போலிஷ் மொழியில் நூதனசாலையைக் குறிக்கும் 'முஸெயும்' என்ற லத்தீன் வழிச் சொல் ஒருமையில் எந்த உருபையும் ஏற்காமல் விறைப்பாக நிற்கும், பன்மையில்தான் வளையும். ஜெர்மன் மொழி லத்தீன் வினைகளைச் சேர்த்துக்கொள்ளவென்றே 'ஈரென்' என்றொரு தனி ஈற்றைக் கையாள்கிறது. தமிழில் அந்த வேலைக்கு 'ஆகு', 'செய்' இருக்கின்றன. மவுத்தானார், ஹஜ்ஜுச் செய்தார்.

இனி உலமாவுக்கு வருவோம். லத்தீனில் இலை 'ஃபோலியும்', இலைகள் 'ஃபோலியா'. அந்தப் பன்மையே போர்த்துக்கேயத்தில் 'ஃபோல்யா' ஆகி ஓர் இலையைக் குறித்தது. பல இலைகளைச் சொல்ல அதன்மேல் புதிதாகப் பன்மை ஈறு வைத்தார்கள். ஆங்கிலத்தின் 'அஜெண்டா'வும் பிறப்பால் பன்மைதான், இன்று அதற்கும் இன்னொரு பன்மை உண்டு. உலமாக்கள், அவுலியாக்கள், ஸஹாபாக்கள் எல்லாம் இதே வரிசையில் நிற்பவை. 1924இல் தோன்றிய அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் பெயரில் 'உலமா' தனியே நிற்கிறது. அது முழுவதும் அறபுத் தொடர், அங்கே 'கள்' சேர்த்தால்தான் பிழை. ஆனால் 'கூடினார்கள்' என்று தமிழ் வினை வந்துவிட்டால் உலமாக்கள்தாம் கூடவேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

'இஸ்லாத்தில்' என்று எழுதுகிறோமே, அதைக் கவனித்தீர்களா? மரம் 'மரத்தில்' ஆவதுபோல மகரம் கெட்டு அத்துச் சாரியை பெற்றிருக்கிறது. அறபுச் சொல்லின் கடைசி எழுத்தையே நீக்கிவிட்டோம், அதனால் மார்க்கம் குறைந்ததாக யாரும் நினைக்கவில்லை. ஆனால் 'இமாமிடம்' என்போம், 'இமாத்திடம்' என்னமாட்டோம். மனிதர் என்பதால் விலக்கு என்று சொல்லப் பார்த்தேன். சிதம்பரம் என்பவரிடம் போனால் 'சிதம்பரத்திடம்' என்கிறோமே!

'தமிழல்ல' என்பவர்களுக்கு நன்னூலையே காட்டலாம். தமிழ் தவிர்ந்த 17 நிலங்களிலிருந்து வந்து வழங்கும் சொற்களையும் பவணந்தி முனிவர் திசைச்சொல் என்று ஏற்கிறார். அந்நிலங்களை எண்ணும் பழம்பாடல் தொடங்குவதே சிங்களம், சோனகம் என்ற இரண்டோடுதான். சோனகர் என்பது நம்முடைய பெயர்.

பன்மை விகுதியிலும் ஒரு நுட்பம் உண்டு. கிதாபுக்குப் பன்மை கிதாபுகள். நபிக்கு நபிமார், மலக்குக்கு மலக்குமார். 'மார்' உயர்திணைக்கு உரியது. மக்களோடு தேவரையும் உயர்திணையில் வைக்கிறது நன்னூல். வானவர்களுக்கு எந்த விகுதி என்று நம் மூதாட்டிகள் யாரிடமும் கேட்கவில்லை. 'மலக்குகள்' என்று அச்சில் காணும் இடங்களில் எனக்கு அந்த மூதாட்டிகளின் சொல்லே சரியாகப் படுகிறது.