கதவை அளக்காதே, பிள்ளையை அள

அன்புள்ள கயல்,

பூட்டிய மனநல வார்டில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளைக்குக் குணமாகிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது என்று கேட்டிருந்தாய். உளவியல் படிக்கிற நீ கேட்கவேண்டிய கேள்விதான்.

இங்கிலாந்தில், தமக்கோ பிறருக்கோ பெரிய ஆபத்து நேரலாம் என்ற நிலையிலுள்ள பிள்ளைகளை மனநலச் சட்டத்தின்படி பாதுகாப்புப் பிரிவுகளில் வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள். அவர்களின் முன்னேற்றத்தை அளக்க உதவும் கருவிகளில் ஒன்று, 1990களில் அந்த நாட்டில் சிறார் மனநலத்துக்கென்றே உருவான 'ஹொனோஸ்கா' என்ற அளவுகோல். அதில் முதன்மையான அம்சங்கள் 13. மூர்க்கம், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, போதை, பிரமை, குடும்ப உறவு, பள்ளிக்குப் போகாமை என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. பரீட்சைக்கு நேர்மாறாக, இதில் மார்க் குறையக் குறைய நல்லது. பிள்ளையின் கடந்த இரண்டு வார நிலையைப் பார்த்துப் போடுவார்கள். சேரும்போது போட்டதையும் கிளம்பும்போது போட்டதையும் ஒப்பிட்டால் முன்னேற்றம் தெரியும்.

இங்கேதான் நீ விழிப்பாக இருக்கவேண்டும். ஒரு பையனை நினைத்துக்கொள். சேர்ந்த அன்று போதைக்கு 4, பள்ளிக்குப் போகாமைக்கு 4, காயப்படுத்திக்கொள்வதற்கு 3. மூன்று மாதம் கழித்து முறையே 0, 0, 1. பதினொன்று ஒன்றாகிவிட்டது! ஆனால் பூட்டிய வார்டுக்குள் போதைப்பொருள் எளிதில் வராது. பள்ளிக்கூடம் அதே வளாகத்தில் நடக்கிறது. கூரான பொருள் கைக்கு எட்டாது. செவிலியரின் கண் எப்போதும் அவன்மேல். குறைந்தது நோயா, வாய்ப்பா? அந்தக் குறைவில் ஒரு பங்கு சுவரின் வேலை.

அதனால் மொத்தத்தை மட்டும் பார்த்து மகிழாதே. பயம், சோகம், பிரமை, சக பிள்ளைகளோடு பழகும் விதம் ஆகியவற்றைத் தனித்தனியே பார். இவற்றைச் சுவர் குணப்படுத்தாது.

பிள்ளையையே கேள். ஹொனோஸ்காவில் பிள்ளை தானே மதிப்பிடும் படிவமும் உண்டு. மருத்துவர் 1 போட்ட இடத்தில் அவன் 3 போட்டால் அதைத் தவறென்று ஒதுக்காதே; பேச்சை அங்கிருந்து தொடங்கு. 'அம்மாவோடு சண்டையில்லாமல் பேசவேண்டும்' என்பது போல அவனே வைத்த இலக்குக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறான் என்று 0 முதல் 10 வரை அவனே சொல்லும் முறையும் தனியே இருக்கிறது.

வீடு திரும்பிய பிறகும் அள. போதை தெருமுனையில் கிடைக்கும் ஊரில் அவன் எப்படி இருக்கிறான் என்பதே வைத்தியத்தின் உண்மையான பலன்.

நாளை நீ வார்டில் மதிப்பெண் போடும்போது அதன் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து எழுதப் பழகு: 'இது பூட்டிய கதவுக்குள் எடுத்த அளவு.'

அன்புடன்,
மாமா