மடிப்புக்கு முன் ஒரு வெட்டு

நுழையும்முன்

ஒரு பொருளின் வலிமை அதில் உள்ள பகுதியால் மட்டும் அமைவதன்று. அறிந்து நீக்கிய பகுதியாலும் அமைகிறது. உலோகத் தகட்டை மடிக்கும் முன் இடப்படும் சிறு வெட்டு இதற்குச் சான்றாகும்.

விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில். அவ்வூர்த் தையற்கடையொன்றில் இரவிக்கையின் கழுத்து தைக்கப்படுவதைக் கவனித்தால் ஒரு நுட்பம் புலப்படும். வளைந்த கழுத்தோரத்தைத் தைத்தவுடன் தையற்காரர் அதனை உட்புறம் திருப்புவதில்லை. தையலுக்கு வெளியே எஞ்சிய துணியில், நூலில் படாமல், கத்தரியால் சிறுசிறு வெட்டுகள் இடுகிறார், பிறகே திருப்புகிறார். வெட்டு இல்லையேல் கழுத்து இழுபட்டுச் சுருங்கும். உலோகத் தகட்டை மடிக்கும் தொழிலுக்கும் இவ்வறிவு தேவைப்படுகிறது.

மடிப்பில் நிகழ்வது

தகட்டை மடிக்கும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது; உட்புறம் அமுங்குகிறது. ஓரம் முழுவதும் ஒருசேர மடிந்தால் இடர்ப்பாடு இல்லை. ஓரத்தின் ஒரு பகுதி மட்டும் எழுந்து, மறுபகுதி தட்டையாகவே நிற்க வேண்டுமாயின் சிக்கல் தோன்றுகிறது. எழ முயலும் பகுதியை அடுத்துள்ள பகுதி பிடித்து நிறுத்துகிறது. இரண்டும் சேருமிடத்தில் தகடு கிழிகிறது அல்லது பிதுங்கி உருக்குலைகிறது. இதனைத் தவிர்க்க, மடிப்பு முடியும் இடத்தில் முன்னரே சிறு இடைவெளி வெட்டப்படுகிறது. இதனை மடிப்புத் தளர்வு வெட்டு எனலாம்.

அளவும் வடிவமும்

வெட்டின் அகலம் தகட்டின் தடிமனுக்குக் குறையாதிருத்தல் நன்று. தடிமனையும் மடிப்பின் உள் ஆரத்தையும் கூட்டிய அளவேனும் அதன் ஆழம் இருத்தல் வேண்டும். தகட்டின் தடிமன் 2 மி.மீ., உள் ஆரம் 2 மி.மீ. எனில், அகலம் 2 மி.மீ., ஆழம் 4 மி.மீ. எனக் கொள்ளலாம். அளவுக்கு மீறி வெட்டினால் அவ்வழியே நீரும் தூசியும் புகும்; மூலையும் வலிமை இழக்கும்.

வெட்டின் முனை கூர்மையாக இருந்தால் தகைவு அங்கே குவியும். விரிசல் அங்கிருந்தே தொடங்கும். முனை வட்டமாக இருந்தால் தகைவு பரவும். மூலைகளின் இவ்வியல்பை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1954ஆம் ஆண்டு சனவரியிலும் ஏப்ரலிலும் பிரிட்டனில் உருவான காமெட் வானூர்திகள் இரண்டு நடுவானில் சிதைந்தன. 56 பேர் உயிரிழந்தனர். மீண்டும் மீண்டும் ஏறி இறங்கிய காற்றழுத்தத்தால் உலோகம் சோர்வுற்றதையும், திறப்புகளின் மூலையருகே தகைவு மிகுந்திருந்ததையும் ஆய்வு வெளிப்படுத்தியது. அவை மடிப்புகள் அல்ல. ஆயினும் கற்ற பாடம் மடிப்புக்கும் பொருந்தும்.

ஒளியே கத்தியாக

அச்சுக்கருவியால் வெட்டும்போது வடிவத்திற்கேற்ற கருவி வேண்டும். லேசருக்கு அத்தேவையில்லை, வரைபடத்தில் உள்ள வட்டமுனையை அது அப்படியே வெட்டித் தருகிறது. எனவே பொறுப்பு வரைபவரையே சாரும். இடைவெளியை ஒற்றைக் கோடாக வரைந்தால் கதிரின் அகலத்தில் மெல்லிய கீற்று மட்டுமே கிடைக்கும். தேவையான அகலத்துடன் மூடிய வடிவமாக வரைதல் வேண்டும். வெட்டை மறந்து மடித்துக் கிழிந்த தகட்டை முன்போல் ஆக்க இயலாது.

வெட்டுவதற்கு முன்பே மடிப்பை மனக்கண்ணால் காண்பவரே சிறந்த வடிவமைப்பாளர். தையற்காரரின் கத்தரியும் லேசர் கதிரும் உணர்த்துவது ஒன்றே: உரிய இடத்தில் விட்ட சிறு இடைவெளி முழுமையைக் காக்கிறது.

தெரியுமா?

கரியமில வாயு லேசரை 1964இல் உருவாக்கியவர் மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். 1967இல் இங்கிலாந்தின் பீட்டர் ஹோல்டுகிராஃப்ட், லேசர் கதிருடன் ஆக்சிசனைச் செலுத்தி எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார்.

கற்பவை கற்றபின்

1. தடித்த அட்டையின் ஓரத்தில் பாதியை மட்டும் மடித்துப் பார்க்க. பின்னர் மடிப்பு முடியுமிடத்தில் சிறு வெட்டு இட்டு மடித்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதுக.
2. உங்கள் ஊரில் உள்ள தையற்கடை அல்லது தகரப் பட்டறைக்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்க.